வலப்பக்க வீட்டின் படம்

பழைய வீட்டு வரைபடங்களைப் பார்ப்பதற்காகவே சனிக்கிழமைகளில் நூலகத்துக்குப் போகிறேன். நாங்கள் குடியேறிய இந்த நகரத்தின் ஓரத்தில், ரெய்னர்ஸ் லேன் பக்கம், ஒரு காலத்தில் வயல்களாக இருந்த இடத்தில் வீடு கட்டியவர்கள் வெளியிட்ட விளம்பரப் புத்தகங்கள் அங்கே ஒரு பெட்டியில் இருக்கின்றன. கதவு திறக்கும் திசையைக் கால்வட்டக் கோடு காட்டும். நிலக்கரிக்கு ஒரு மூலை. அடுப்படி ஆறடி அகலம். சாப்பாட்டு அறை அதன் இரண்டு மடங்கு. அந்த வீட்டில் யார் நின்றார், யார் இருந்து சாப்பிட்டார் என்பதை அளவுகளே சொல்லிவிடுகின்றன. முன்பு நான் நடத்திய பத்திரிகையில் எழுதிய பல செய்திகளில் இவ்வளவு தகவல் இருந்ததில்லை.

நகரத்தின் மறுகோடியில், மோர்டனில், ஓர் அறை வாடகை வீட்டில் பதினொரு வருடம் இருந்த என் தங்கைக்கு ரெய்னர்ஸ் லேனில் விலைக்கு வந்த ஒரு வீடு பிடித்துவிட்டது. நடுச்சுவரைப் பகிரும் இரட்டை வீடுகளில் இடப்பக்கத்தது. அவள் கணவருக்குப் பிடிக்கவில்லை. அடுப்படி வடகிழக்கில் இருந்தது. அடுப்பு தென்கிழக்கில், அக்கினி மூலையில்தான் எரிய வேண்டும் என்பது அவர் கட்சி. இதே காரணத்தால் முன்பே இரண்டு வீடுகளை வேண்டாம் என்றிருந்தார். இத்தனைக்கும் அவர் தொழில், வீடுகளுக்குச் சமையலறை பொருத்துவது.

"ஊராற்ற அடுப்பை எந்த மூலையிலயும் பூட்டுவார்," என்றாள் தங்கை. "எங்கட வீடெண்டாத்தான் திசை பாப்பார்."

வீட்டை விற்கும் முகவர் திங்கட்கிழமை மாலைக்குள் பதில் கேட்டிருந்தார். இன்னொரு குடும்பமும் காத்திருந்தது.

அந்தச் சனிக்கிழமை நூலகப் பெட்டியில் தேடினேன்; அந்த வீடு இருந்த தெருவின் புத்தகம் இருந்தது. வரைபடத்தில் அடுப்படி பின்புறம் வலது மூலையில். அந்தத் தெருவில் அது தென்கிழக்கு. இடையில் யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று முடிவு செய்து, இரண்டு பிரதிகள் எடுத்து, அன்றே ஒன்றை மோர்டனுக்குக் கொண்டுபோனேன். மச்சான் மேசையில் விரித்து நெடுநேரம் பார்த்தார். கட்டினவன் சரியாகத்தான் கட்டியிருக்கிறான், பழைய இடத்துக்கே கொண்டுபோகலாம் என்றார். தங்கை எனக்கு இரண்டாம் முறை தேத்தண்ணி ஊற்றினாள்.

திரும்பும் ரயிலில் மற்றப் பிரதியைப் பார்த்தேன். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: படத்தில் உள்ளது வலப்பக்க வீடு, இடப்பக்க வீடு இடம் வலம் மாறி அமையும். தங்கையின் அடுப்படியை யாரும் மாற்றவில்லை. கட்டிய நாளிலிருந்தே அது வடகிழக்கில்தான் இருக்கிறது.

சொல்லாமல் விட்டால் வீடு தங்கைக்குக் கிடைக்கும். ஆனால் மச்சான் என் தாளை நம்பித்தான் சம்மதித்திருந்தார். ஞாயிறு காலை மறுபடி மோர்டன் போய்ச் சொன்னேன்.

"அடியில இருக்கிற எழுத்தை வாசிக்காமலோ, மச்சான், பேப்பர் நடத்தினீங்கள்?" என்றார். பிறகு பிரதியை மடிக்கத் தொடங்கினார்.

தங்கை அதை அவர் கையிலிருந்து வாங்கினாள். யன்னலடிக்குப் போய், அச்சுப் பக்கம் வெளியே இருக்கும்படி தாளைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். வெளிச்சத்தில் கோடுகள் பின்பக்கமாகத் தெரிந்தன. இடம் வலமாகியிருந்தது. இப்போது அது அவள் பார்த்த வீடு.

"இஞ்ச வந்து பாருங்கோ," என்று கணவரைக் கூப்பிட்டாள். "அக்கினி மூலையில என்ன இருக்கு?"

சாப்பாட்டு அறை இருந்தது. அதன் நடுச்சுவர்ப் பக்கத்தில் ஒரு சிறு சதுரம்: குளிர்காய நெருப்பு மூட்டும் இடம்.

"நெருப்பு அங்கதானே எரிஞ்சிருக்கு."

மச்சான் சாப்பாட்டு அறைக்கும் அடுப்படிக்கும் இடையிலிருந்த கோட்டை விரலால் தொட்டார்.

"இந்தச் சுவரை எடுத்தா ரெண்டும் ஒண்டு," என்றார். "அடுப்பை அங்கால கொண்டுபோக ஏலும். புகை போக அந்தப் பழைய புகைபோக்கி வேணும், அதை இடிச்சுப்போட்டாங்களோ தெரியாது."

திங்கட்கிழமை காலை முகவர் கதவைத் திறந்துவிட்டார். சாப்பாட்டு அறையில் அந்தச் சதுரம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைச் சுவர். மச்சான் முழந்தாளிட்டு விரல் முட்டியால் தட்டினார். கட்டியான சத்தம். ஓரடி தள்ளித் தட்டினார். உள்ளே வெறுமையாக ஒலித்தது. இன்னொரு முறை தட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "இடிக்கேல்லை, மூடித்தான் வச்சிருக்கிறாங்கள்," என்றார்.

தங்கை கைப்பையிலிருந்து அளவுநாடாவை எடுத்து அவரிடம் நீட்டினாள்.