லட்டு ஒளிந்துகொண்ட வேன்

போன வருஷம் ஆடி மாதம். ஆனைக்குட்டம் அணைக்குப் போகிற வழியில் இருக்கும் ஒரு பெண் பிள்ளைகள் காப்பகத்தில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எனக்கு எந்த ஊரிலும் ஒரு சீசனுக்கு மேல் கால் தரிக்காது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, வீட்டில் விழுந்த அடிக்குப் பயந்து சாத்தூரில் ரயிலேறியவன். ஓட்டலில் மாவாட்டியிருக்கிறேன், லாரியில் கிளீனராகப் போயிருக்கிறேன், திருப்பூரில் மூட்டை தூக்கியிருக்கிறேன், பஸ் ஸ்டாண்டுகளில் படுத்திருக்கிறேன். அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

அந்தக் காப்பகத்துப் பிள்ளைகள், பெரியவர்கள் கையில் கொடுமைப்பட்டு மீண்டு வந்தவர்கள். யாருக்கு என்ன நடந்தது என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. சேர்ந்த அன்று வார்டனம்மா ஒன்றுதான் சொன்னார்: "நீங்க நல்லவரா இருக்கலாம். ஆனா அது பிள்ளைகளுக்குத் தெரியாதுல்ல? கதவத் திறந்து வச்சிட்டுத் தள்ளி நில்லுங்க. அதுகளா ஏறட்டும்."

காலையில் எல்லோரும் ஏறிவிடுவார்கள், ஒரு பிள்ளையைத் தவிர. ஒன்பது வயது இருக்கும். யூனிபார்ம் போட்டு, எண்ணெய் வைத்து ரெட்டைச் சடை பின்னி, பையை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்பாள். படி வரைக்கும் வருவாள். அங்கே கால் நின்றுவிடும். எந்த வண்டியானாலும் அப்படித்தானாம். கொஞ்ச நேரம் படியையே பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாள். வேனை எடுக்கும்போது கண்ணாடியில் அவள் முதுகில் பை ஆடுவது தெரியும். பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரத்திலும் இல்லை. "ஆசையில்லாமலா தினமும் கிளம்பி வாரா? இந்த வருசப் படிப்பும் போயிருமோன்னு இருக்கு" என்று வார்டனம்மா கவலைப்படுவார்.

சனிக்கிழமைகளில் மதுரைக்குப் போய் லட்டுவைக் கூட்டி வருவதும் என் வேலை. லட்டு ஒரு லேப்ரடார் நாய். இந்த மாதிரிப் பிள்ளைகளோடு இருப்பதற்கென்றே பழக்கியது. அதை வளர்க்கிற அக்காவும் கூடவே வருவார். லட்டு பெரிய வித்தை எதுவும் செய்யாது. வேப்பமரத்தடியில் படுத்துக்கொள்ளும். பிள்ளைகள் அதன் வயிற்றில் தலை வைத்துப் படுப்பார்கள், வாய்ப்பாடு ஒப்பிப்பார்கள், சிலர் காதுக்குள் என்னவோ சொல்வார்கள். அது கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்கும். குறுக்கே பேசாது, பாவப்பட்டும் பார்க்காது. லட்டு வந்துபோன அன்று பிள்ளைகள் நன்றாகத் தூங்குகிறார்கள் என்று வார்டனம்மா சொல்வார். வேனில் ஏறாத அந்த ஒரு பிள்ளை மட்டும் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு தூரத்திலிருந்தே பார்ப்பாள்.

முதன்முதலில் வருவதற்கு முன் அந்த அக்கா போனில் கேட்டிருக்கிறார், சுற்றுவட்டாரத்தில் சத்தம் ஏதாவது இருக்குமா என்று. "சத்தமா? இங்கன ஒண்ணும் கிடையாதும்மா. சுத்திலும் பொட்டக்காடுதான்" என்று வார்டனம்மா அடித்துச் சொல்லிவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. தீபாவளி சீசனுக்கு முன்னால் இந்தப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் புதுச் சரக்கை வெடித்துப் பார்ப்பார்கள். எங்கள் காதுக்கு அது குக்கர் விசில் மாதிரி. அதைச் சத்தம் என்று யாரும் நினைப்பதில்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், பொட்டலுக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் வெடித்தார்கள். பிள்ளைகளில் ஒருத்திகூடத் திரும்பவில்லை. லட்டு மட்டும் துள்ளி எழுந்து, வாலைக் காலுக்குள் செருகிக்கொண்டு ஓடி, திறந்திருந்த என் வேனுக்குள் பாய்ந்து கடைசி சீட்டுக்கு அடியில் புகுந்துகொண்டது. அதற்கு அங்கே பழகிய இடம் வேன் ஒன்றுதான்.

பிள்ளைகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஐயய்ய, வெடிக்குப் போயி பயப்படுது!"

"இதுவாக்கா நம்ம பயத்தப் போக்க வந்துச்சு?"

நாய்க்கார அக்கா உள்ளே போய்க் கெஞ்சிப் பார்த்தார், பிஸ்கட் நீட்டிப் பார்த்தார். லட்டு அசையவில்லை. இறங்கி வந்து, "இப்படிப் பயந்தா இனிமே இவனைக் கூட்டிட்டு வர முடியாதும்மா. பாவம்" என்றார். சிரிப்பெல்லாம் அடங்கிப் போயிற்று.

அப்போதுதான் அந்தப் பிள்ளை தூணை விட்டு வந்தாள். நேராக வேன் படி வரை வந்தாள். வழக்கம்போலக் கால் நின்றது. நான் சுவரோரம் டீ கிளாசோடு நின்றிருந்தேன். அசையாதீர்கள் என்று வார்டனம்மா கண்ணைக் காட்டினார். அடுத்த வெடி வெடித்தது. உள்ளே லட்டு முனகியது. அவள் ஏறிவிட்டாள்.

சீட்டுக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "ஏலே, ஒண்ணுமில்லலே. குருவி வெடிதான். இத்துனூண்டுதான் இருக்கும்." இன்னொன்று வெடித்தது. "இது லட்சுமி வெடி. சத்தமாத்தான் இருக்கும், ஆனா தூரத்துல போடுறாக, நம்ம பக்கம் வராது." பிறகு படபடவென்று பிடித்துக்கொண்டது. "சரவெடிலே! இரு, காத நான் பொத்திக்கிடுதேன்."

அவள் இத்தனை பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. வார்டனம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

திடீரென்று ஜன்னலில் அவள் தலை தெரிந்தது. என்னை நேராகப் பார்த்து ஒரு அதட்டல்: "என்ன பாத்துக்கிட்டே நிக்கீக? இவன் நடுங்குறான். வண்டிய எடுங்க! சத்தம் கேக்காத இடத்துக்குப் போங்க!"

டீயைக் கீழே வைத்தேனா கொட்டினேனா தெரியாது. "எடுங்க எடுங்க" என்று வார்டனம்மாவும் அக்காவும் ஏறினார்கள். "நாங்களும், நாங்களும்" என்று மொத்தக் கூட்டமும் ஏறிக்கொண்டது. வேறெங்கே போவது? அணைக்கட்டுக்கு விட்டேன். வழியெல்லாம் பின்னாலிருந்து வசவு. "பள்ளம் பாத்து ஓட்டுங்க! லட்டு தலை இடிக்குதுல்ல?" லாரிக்காரர்களிடம் நான் வாங்காத வசவில்லை. இப்படிச் சந்தோஷமாக வாங்கியது அன்றைக்குத்தான்.

அணைக்கரையில் லட்டு மெதுவாக இறங்கி உடம்பை உதறியது. ஒரு நீர்க்காகத்தைப் பார்த்ததும் பயமெல்லாம் போய் ஓட ஆரம்பித்தது. அவள் அதன் பின்னால் ஓடினாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். முன்பல் ஒன்று விழுந்திருந்தது.

திரும்பும்போது படிக்குப் பக்கத்தில் மறுபடி நின்றாள். எல்லோரும் மூச்சு விடாமல் பார்த்தோம். லட்டு முதலிலேயே ஏறி வழியை அடைத்துப் படுத்திருந்தது. "நவுந்து படுலே" என்று அதைத் தள்ளிவிட்டு ஏறினாள்.

திங்கட்கிழமை பையோடு வந்து ஏறி, லட்டு ஒளிந்திருந்த அந்தக் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தாள். "வேனக் கூட்டவே மாட்டீகளா? சீட்டெல்லாம் நாய் முடி" என்றாள். நான் வேண்டுமென்றேதான் கூட்டாமல் வைத்திருந்தேன்.

லட்டு இப்போதும் வருகிறது, வெடிக்கிற நேரம் தவிர்த்துக் காலையில். தீபாவளி முடிந்து சீசனும் போயிற்று. வழக்கமாக நான் மூட்டை கட்டுகிற நேரம் அது, ஆனால் கட்டவில்லை. சின்ன வயதில் ஓடி ஒளிய ஓர் இடம் தேடி அலைந்தவன் ஓட்டுகிற வண்டி, ஒரு நாய்க்கும் ஒரு பிள்ளைக்கும் அப்படி ஓர் இடமாக இருந்ததே என்று நினைத்துக்கொண்டு, இன்றும் காலையில் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி நிற்கிறேன்.