ரயில் இல்லாத வழியனுப்பு

எங்கள் குடும்பத்தில் பிரான்சுக்குப் போகிறவர்களை வீட்டு வாசலிலிருந்து அனுப்புவதில்லை. புதுச்சேரி ரயிலடிக்குப் போய்த்தான் அனுப்புவோம். சென்னை விமானத்தைப் பிடிக்க பஸ்தான் வசதி என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு குடும்பமே விழுப்புரம் பாசஞ்சரில் ஏறும். அடுத்த நிலையமான வில்லியனூர் வரை ஒவ்வொருவராகப் போகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார்கள். வில்லியனூரில் நாங்கள் இறங்கிக்கொள்வோம். ரயில் அவரைக் கொண்டுபோய்விடும். அங்கே எனக்குக் கடலை உருண்டை வாங்கித் தருவார்கள். அந்த வழக்கத்தில் எனக்கிருந்த ஈடுபாடு அவ்வளவுதான்.

வழக்கத்தை விடாமல் காத்தவர் பெரியப்பா, அம்மாவுடைய அக்காவின் கணவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனில் வந்தவர். எங்கள் ஊரில் அப்படி வந்தவர்களைச் ‘சொல்தா’ என்பார்கள். குளி, சாப்பிடு, பூசைக்குக் கிளம்பு, எல்லாவற்றுக்கும் அவரிடம் ‘போ, ஆகட்டும்’ என்ற பொருளில் ‘அலே’ என்ற ஒரே பிரெஞ்சுச் சொல்தான் இருந்தது. ரயிலடியில் தொங்கிய தண்டவாளத் துண்டை ஊழியர் தட்டி, கார்டு கொடி காட்டி, வண்டி நகரத் தொடங்கிய பிறகு, அதற்கும் ஒரு ‘அலே’ போடுவார். அவர் சொல்லித்தான் ரயில் கிளம்புகிறது என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன்.

பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் கட்டிய நிலையம் அது. வளைவுகள், பருத்த தூண்கள், உயரமான முகப்பு. ஒரு காலத்தில் கப்பல் சரக்கெல்லாம் அதன் வழியாகப் போனதாகச் சொல்வார்கள். நான் பார்த்தபோது, வந்துபோன ரயில்களுக்கு அந்தக் கட்டடம் மிகப் பெரிதாக இருந்தது. சித்தி புறப்பட்ட வருடம் அந்த ரயில்களும் இல்லை. அகலப் பாதை போடுவதற்காகப் பழைய சின்னப் பாதையைப் பெயர்த்துவிட்டிருந்தார்கள்.

சித்தி அம்மாவின் தங்கை. சித்தப்பா ஒரு மாத லீவில் வந்து, மாதா கோயிலில் தாலி கட்டிவிட்டு, பாரிசுக்குத் திரும்பியிருந்தார். விசா கிடைத்ததும் டிக்கெட்டும் வந்துவிட்டது. அந்த வாரம் முழுக்கச் சித்தி அம்மாவிடம் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கிறிஸ்மஸ் முடிச்சிட்டுப் போறேனேக்கா.”

“டிக்கெட் போட்டாச்சுடி. அவரு அங்க லீவு சொல்லி வெச்சிருக்காரு.”

இதைச் சொல்லும்போது அம்மா சித்தியைப் பார்க்க மாட்டாள், பெட்டியைப் பார்ப்பாள்.

வீட்டிலிருந்து நேராக விமான நிலையத்துக்குப் போக அப்பா வாடகைக் கார் பேசியிருந்தார். பெரியப்பா விடவில்லை.

“என்ன சகல, வாசல்லேர்ந்து நேரா ஏத்தி அனுப்ப அது என்ன பொணமா?”

“ரயிலே இல்லாத ஸ்டேஷனுக்கு எதுக்கு சகல?”

“ஸ்டேஷன் இருக்குல்ல? அலே!”

கார் பெட்டிகளோடு நிலைய முகப்பில் நின்றது. நாங்கள் உள்ளே போனோம். தண்டவாளம் இருந்த இடத்தில் ஜல்லி மட்டும் கிடந்தது. பிளாட்பாரத்தில் ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது. சித்தி நடு பெஞ்சில் உட்கார்ந்தாள். ரயிலில் செய்வதுபோலவே ஒவ்வொருவராகப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

“குளுரு குளுருன்னு குளிக்காம கெடக்காதடி. நம்ம மானம்தான் போவும்” என்றாள் பெரியம்மா. சித்தி சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

நான் அப்பாவிடம், வில்லியனூர் எப்போது போவோம் என்று கேட்டேன்.

“பெரியப்பாவக் கேளு. அவருதான் ஓட்டப் போறாரு.”

எல்லோரும் பேசி முடித்தார்கள். ரயிலாக இருந்தால் அதற்குள் வில்லியனூர் வந்திருக்கும். இங்கே எதுவும் வரவில்லை. பேச்சு தீர்ந்த பிறகும் உட்கார்ந்திருந்தோம். சித்தியின் கை அம்மாவின் கையைப் பிடித்திருந்தது.

டிரைவர் உள்ளே வந்தார். “சார், இன்னும் லேட்டானா திண்டிவனத்துல டிராபிக்ல மாட்டிப்போம். போலாமா?”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மா, சரியாக இருந்த சித்தியின் முந்தானையை மறுபடி சரிசெய்தாள். பெரியப்பா அண்ணாந்து, தூணருகே இன்னும் தொங்கிக்கொண்டிருந்த அந்தத் தண்டவாளத் துண்டைப் பார்த்தார். இப்போது ‘அலே’ சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை.

சித்தி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். அம்மா, பெரியம்மா, அப்பா, கடைசியாகப் பெரியப்பா. பிறகு எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

“போலாண்ணே” என்றாள் டிரைவரிடம்.

இப்போது அந்த நிலையத்திலிருந்து டெல்லி வரை நீளமான ரயில்கள் போகின்றன. தண்டவாளத் துண்டைத் தட்ட ஆள் வேண்டியதில்லை. எந்த வண்டி எப்போது கிளம்பும் என்பதை ஒலிபெருக்கி மூன்று மொழிகளில் சொல்கிறது. சித்தி ஊருக்கு வந்தால் வாசலிலேயே காரில் ஏறித் திரும்பிப் போகிறாள். பெரியப்பாவும் அதற்குப் பிறகு யாரையும் ரயிலடிக்குக் கூப்பிட்டதில்லை.

அன்று சித்தி ஏறிய கார் போனதும் வீட்டுக்கு நடந்து திரும்பினோம். பெரியப்பா எங்களை விட்டு வெகுதூரம் முன்னால் போய்க்கொண்டிருந்தார். எனக்குச் சித்தியின்மேல் கோபம்.

“எல்லாரும் சும்மாத்தான ஒக்காந்திருந்தீங்க? சித்திக்கு மட்டும் என்னம்மா அவ்ளோ அவசரம்?” என்று கேட்டேன்.

அம்மா வழியிலிருந்த பெட்டிக்கடையில் நின்று, நான் கேட்காமலே ஒரு கடலை உருண்டை வாங்கிக் கொடுத்தாள். வில்லியனூர் போகாமலே அது கிடைத்துவிட்டதில் எனக்கு ஒரே சந்தோஷம்.