வெயிலில் காயவைத்த படச்சுருள்

அந்தப் படச்சுருளை நான் வெயிலில் வைத்ததால்தான் பழுதாயிற்றா, அல்லது டின்னுக்குள் இருந்தபோதே பழுதாகத் தொடங்கிவிட்டதா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எங்கள் கரையை அழித்த சூறாவளிக்கு முந்திய வருடம், சவூதியிலிருந்து லீவில் வந்த என் அண்ணன், காக்கா, ஒரு சின்னப் படக் கமராவும், அதில் எடுத்ததை ஓட்டிக்காட்டும் மெசினும் கொண்டுவந்தார். முதலில் கடற்கரையில் கரைவலை இழுப்பதை எடுத்தார். பிறகு வீட்டுக்கு வந்து, முற்றத்தில் மா அரித்துக்கொண்டிருந்த உம்மாவை அவருக்குத் தெரியாமல் எடுத்தார். எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம். உம்மாவின் தலையில் முந்தானை இல்லை. நிமிர்ந்து பார்த்து முதலில் சிரிக்கிறார். அதன் பிறகுதான் முந்தானையை இழுத்துப் போடுகிறார்.

அடையாள அட்டைக்குத் தவிர உம்மா எந்தப் படத்துக்கும் இருந்தவரல்ல. ஆனாலும் காக்கா வெள்ளைச் சீலை கட்டிப் படத்தை ஓட்டிய அன்று, பக்கத்து வீட்டுப் பெண்களுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

"வேற ஆம்புளயள் ஒருத்தரும் இல்லத்தானே?" என்று என்னிடம் கேட்டார். பிறகு மெதுவாக, "இன்னொருக்காப் போடச் சொல்லு புள்ள" என்றார்.

மூன்று தடவை பார்த்தோம். மெசின் சூடேறி ஒரு மணம் வந்தது. உம்மாவின் கை என் தோளிலேயே இருந்தது.

உம்மா மௌத்தாகி, எங்களை விட்டுப் போய் நான்கு வருடம். என் மகளுக்கு மூன்று வயது. அவளுக்குக் காட்ட என்னிடம் இருப்பது அடையாள அட்டைப் படம் மட்டும்தான். அதில் உம்மா பயந்துபோய் விறைத்திருக்கிறார். "உம்மம்மா ஏசுறாவா?" என்று மகள் கேட்கிறாள்.

அதனால்தான் போன மாரி முடிந்ததும் சுருளைப் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தேன். வினாகிரியின் புளித்த மணம் மூக்கில் ஏறியது. பூஞ்சணம் பிடித்திருக்கும் என்று நினைத்து, பட்டுச் சாரியையும் தலையணையையும் காயவைப்பதுபோலச் சுருளை அவிழ்த்துப் பாயில் விரித்தேன். பக்கத்து வளவில் இருக்கும் என் அக்கா, ராத்தா, வேலிக்கு மேலால் பார்த்தார்.

"என்னகா, படத்தையும் கருவாடு போடுறியா?"

மத்தியானத்துக்குள் அது ஓரமெல்லாம் வளைந்துவிட்டது. மெசினில் மாட்டினால் பற்சக்கரத்தில் ஏற மறுத்தது.

பழைய படங்களைப் பாதுகாக்கும் அரசாங்கக் காப்பகம் பற்றி வானொலியில் கேட்டிருந்தேன். கொழும்புக்கு எழுதினேன். மரியாதையான பதில் வந்தது. அந்த மணம் வந்தால் படம் தானாகவே சிதைகிறது என்று அர்த்தமாம். வெயில் கூடவே கூடாதாம். இன்னும் சுருங்கினால் பிரதி எடுக்க முடியாதாம். மூலத்தைக் குளிர் அறையில் வைத்துக்கொண்டு பிரதியை எனக்குத் தருவார்கள். சூறாவளிக்கு முந்திய எங்கள் கரையின் படம் அவர்களிடமும் இல்லையாம். உம்மா வரும் பகுதியை வெளியாருக்குக் காட்டாமல் வைக்கலாமா என்று திரும்ப எழுதிக் கேட்டேன். வைக்கலாம், ஆனால் திருத்துகிறவர்கள் அதை ஒவ்வொரு படமாக வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தே ஆகவேண்டும் என்றார்கள்.

கடிதத்தை ராத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"பார்க்கிறது ஆம்புளயா, பொம்புளயா?"

"அது எழுதல்ல ராத்தா."

"எழுத மாட்டாங்க. மௌத்தான அண்டைக்கே உம்மாட முகத்தப் பிறத்தி ஆம்புளயளுக்குக் காட்டல்ல. இப்ப கொழும்பில தலமுடியக் காட்டப் போறியா?"

"அனுப்பாட்டி நாமளும் பார்க்கேலா."

"நான் கண்ண மூடினாப் பார்ப்பன்."

"என்ட மகள்?"

ராத்தா என் மகளைத் தூக்கிக்கொண்டு தன் வளவுக்குப் போய்விட்டார்.

காக்காவுக்கும் எழுதினேன். உம்மா கடைசிவரை உன்னோடுதான் இருந்தா, நீயே முடிவெடு என்று பதில் போட்டார். அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் பாரமாகிவிட்டது.

பார்சல் கட்டி வைத்து இரண்டு கிழமை, இன்னும் அனுப்பவில்லை. நேற்றும் முகர்ந்து பார்த்தேன், மணம் கூடியிருக்கிறது. உம்மாவை இழந்த சகோதரிகள் யாராவது இந்தப் பத்திரிகையில் இதை வாசித்தால், அனுப்பவா வேண்டாமா என்று எழுதுங்கள். அனுப்பு என்பவர்கள், கேட்க முடியாத ஒருவருக்காக அனுமதி கொடுத்துவிட்டுப் பிறகு எப்படி நிம்மதியாக இருப்பது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தயவுசெய்து சுணங்க வேண்டாம்.