சமையலறை மூலையில் போர்ச்சுகல்

எங்கள் வீட்டில் ஒரு கோடை முழுக்கப் போர்ச்சுகல் சமையலறை மூலையில் சாய்ந்து கிடந்தது. நீல நிற முதுகுப்பை, இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு பெல்ட், உள்ளே பத்து கிலோ இட்லி அரிசி. மாவுக்கு ஊறப்போடும் நாளில் அம்மா குரல் கொடுப்பாள்: "போர்ச்சுகல்லேருந்து நாலு டம்ளர் எடுத்துட்டு வாடி." நான் ஜிப்பைத் திறந்து அளந்து கொடுப்பேன். மறுநாள் காலையில் பையைத் தோளில் மாட்டியதுமே சித்திக்குத் தெரிந்துவிடும். "என் ட்ரெய்னிங்க இட்லியா ஊத்திட்டியாக்கா?" என்று சண்டைக்கு வருவாள்.

சித்தி அம்மாவின் தங்கை. மயிலாப்பூரில் ஒரே மாடியில் எதிரெதிர் ஃப்ளாட். சமையல் மட்டும் எங்கள் வீட்டில், சேர்த்து. ஒருநாள் சித்தி லேப்டாப்பில் ஒரு பாதையைக் காட்டினாள். போர்ச்சுகல்லின் தென்மேற்குக் கரை. கீழே கடல், மேலே செங்குத்துப் பாறை, அதன் விளிம்பில் மீனவர்கள் தூண்டிலோடு நடந்து நடந்து விழுந்த ஒற்றையடித் தடம். பாறை உச்சியில் செங்கால் நாரைகள் கூடு கட்டியிருந்தன. ஒரு கிராமத்தில் தூங்கி எழுந்து, அடுத்த கிராமத்துக்கு நடக்க வேண்டும், தன் பையைத் தானே சுமந்துகொண்டு. பாதிக்கு மேல் மணல்.

"மணல்ல நடக்க அவ்ளோ தூரம் போகணுமா? பெசன்ட் நகர்ல இல்லாத மணலா?" என்றாள் அம்மா.

சித்தப்பா பஸ் டூர் கட்சி. ஏசி பஸ், ஜன்னல் சீட், மத்தியானம் ரசம் சோறுகூட உண்டாம். சித்திக்கு வந்ததே கோபம். கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. பையை யாரிடமும் கொடுக்காமல், வீட்டிலிருந்து பெசன்ட் நகர் கடற்கரை வரை சித்தி நடந்துவிட்டால் அந்தப் பாறைப் பாதை. நடுவில் கொடுத்துவிட்டால் பஸ்ஸும் ரசமும்.

அதுவரை சித்தி எதையாவது தூக்கி நான் பார்த்ததே இல்லை. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் வீட்டில் அதுதான் சட்டம். ஆழ்வார்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக்குச் சித்தியும் சித்தப்பாவும் போவார்கள், வருவார்கள், சித்தி நாள்கணக்கில் படுத்திருப்பாள். எழுந்து ஒரு வாளியைத் தொட்டால் போதும், அம்மா பாய்ந்து பிடுங்கிக்கொள்வாள். "சித்திக்கு இடுப்பு வலி" என்று எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அதெல்லாம் குழந்தைக்கான சிகிச்சை என்பதும், அந்த வருஷம்தான் இருவரும் போதும் என்று நிறுத்தினார்கள் என்பதும் எனக்கு ரொம்பப் பிற்பாடு தெரிந்தவை. அப்போது நான் அறிந்ததெல்லாம் சித்திக்கு இடுப்பு சரியாகிவிட்டது, நான்தான் கோச், என்னிடம் ஒரு விசில் இருக்கிறது.

விடிந்தும் விடியாமல் கோயிலின் நான்கு மாடவீதிகளையும் சுற்றினோம். முதலில் பையில் போர்வை, பிறகு பருப்பு, அப்புறம் அரிசி. ஒரு பெண் தினமும் முதுகில் பாரத்தோடு கோயிலைச் சுற்றினால் மயிலாப்பூர் என்ன நினைக்கும்? பால்காரர் சைக்கிளை ஒதுக்கி வழிவிட்டார். யாரோ ஒரு மாமி மோர் கொடுத்தார். தெற்கு மாடவீதிப் பூக்கார அக்கா மட்டும் என்னை மடக்கி நேரடியாகக் கேட்டார்.

"உங்க சித்தி இன்னா வேண்டிக்கினு இப்டி சுத்துது?"

"போர்ச்சுகல் போகணும்னு."

"அது எங்க கீது?"

"ரொம்ப தூரம். கடலோரமா நடந்தே போகணும்."

"வேளாங்கண்ணிக்கு நடந்து போவாங்களே, அந்த மாரியா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு ஓடினேன். சித்தி அதற்குள் முனை திரும்பிவிட்டிருந்தாள்.

"ஷூ போட்டுக்கினு சுத்துதே... பரவால்ல, சாமி ஒண்ணியும் நெனச்சுக்காது!" என்று அக்கா பின்னாலிருந்து கத்தினார்.

பரீட்சை நாளும் வந்தது. பூக்கார அக்கா சித்தியை நிறுத்தி, பையின் வாரில் ஒரு முழம் கதம்பம் சுற்றிவிட்டார். "கவலப்படாத கண்ணு. அடுத்த வருசம் இதே நாளு புள்ளையோட வந்து நிப்ப."

சித்தி என் கழுத்தில் தொங்கிய விசில் கயிற்றைப் பிடித்து என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "இப்பவே புள்ளையோடதாங்க்கா வந்திருக்கேன்."

"அட, ஆமால்ல!" என்று அக்கா சிரிக்க, எனக்கும் ஒரு துண்டு பூ கிடைத்தது. நான் வேறு கணக்குப் போட்டுவிட்டேன்: என்னையும் போர்ச்சுகல்லுக்குக் கூட்டிப் போகிறார்கள்!

அந்த வேகத்தில் விசில் ஊதிக்கொண்டு நடந்த கோச், மந்தைவெளியிலேயே சித்தப்பாவின் ஸ்கூட்டரில் ஏறிவிட்டது. அடையாறு பாலத்தில் வெயில் ஏறியது. சித்தி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். முகமெல்லாம் வியர்வை. சித்தப்பா வண்டியை ஓரம் கட்டினார்.

"குடும்மா. பாலம் முடியற வரைக்கும்தான். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"கோச் பாக்கறாங்க."

"கோச்சுக்கு ஐஸ்க்ரீம் வாங்கிக் குடுத்துடலாம்."

நான் சம்மதித்திருப்பேன். சித்திதான் சிரித்துவிட்டு பெல்ட்டை இறுக்கிக்கொண்டாள். "நீங்க வண்டிய ஓட்டுங்க. என்னை யாரும் துரத்தல, மெதுவா வரேன்."

மெதுவாகத்தான் வந்தாள். பெசன்ட் நகர் மணலில் கால் புதையப் புதைய நடந்து, அலை நனைத்த இடத்தில் பையை இறக்கி, அதன் மேலேயே உட்கார்ந்தாள். ஆட்டோவில் வந்து காத்திருந்த அம்மா எலுமிச்சை சாதம் கொடுத்தாள். சித்தி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

கிளம்பும்போதுதான் அது நடந்தது. சித்தி குனிந்து பையைத் தொட்டாள். தொட்டதுமே அம்மாவின் இரண்டு கைகளும் பழக்கத்தில் பாய்ந்து வாரைப் பிடித்துவிட்டன. சித்தி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஒவ்வொரு விரலாக வாரை விட்டுவிட்டு, கையைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள். சித்தி ஒரே வீச்சில் பையை முதுகுக்கு ஏற்றினாள். கதம்பம் உதிர்ந்தது.

சித்தியும் சித்தப்பாவும் போர்ச்சுகல் போனார்கள். என்னைக் கூட்டிப் போகவில்லை. நான் இரண்டு நாள் பேசவில்லை. நாரைக் கூட்டின் முன்னால் நீலப் பையோடு சித்தி நிற்கும் படம் இன்னும் எங்கள் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது.

ஆனால் பெசன்ட் நகரிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் நான் எங்கள் மாடி முழுக்க வீடு வீடாகப் போய்ச் சொன்ன சேதி வேறு: சித்தி தூக்கிய பையை அம்மாவால் தூக்கவே முடியவில்லை, பாதியில் விட்டுவிட்டாள். அம்மாவிடமே பக்கத்து வீட்டு ஆன்ட்டி கேட்டார்.

"ஆமாங்க, எனக்கு எங்க அவ்ளோ தெம்பு" என்றாள் அம்மா.