கொம்புக் கூரையின் மேல் ஒரு மாப்பிள்ளை

எங்கள் பெரிய வீட்டில் மாப்பிள்ளைகளுக்கு என்று ஓரமாக ஒரு பாய் உண்டு. தாய்மாமன்கள் பேசும்போது அதில் உட்கார்ந்து பலகாரம் தின்ன வேண்டும், கேட்டால் தலையாட்ட வேண்டும். வீடு பெண்களுடையது, அதைப் பற்றிய பேச்சு அவர்களுடைய அண்ணன் தம்பிகளுடையது, கட்டிக்கொண்டு வந்தவன் விருந்தாளி. என் அக்கா மார்னியின் கணவர் அந்தப் பாயிலேயே நரைத்துவிட்டார். என் கணவர் யாஸ்ரில் அதில் உட்கார்ந்த முதல் நாளே வாயைத் திறந்தார்.

அது ஃப்ரீசர் விவகாரம். அக்கா ரெண்டாங் இறைச்சி சமைத்துப் பொட்டலம் போட்டு ஜகார்த்தாவுக்கு அனுப்புகிறாள். எங்கள் மலைச்சரிவில் மழை வந்தால் கரண்ட் போய்விடும். நோன்புக்கு முன்னால் வந்த ஒரு பெருமழையில் அவள் சேர்த்து வைத்திருந்த இறைச்சி முழுவதும் நாறிப்போயிற்று. இனி இந்தத் தொழிலே வேண்டாம் என்று அழுதாள். அதைப் பேசத்தான் மாமாக்கள் கூடியிருந்தார்கள்.

"நம்ம கூரையிலயே சோலார் பேனல் மாட்டிரலாம். பேட்டரி வச்சா கரண்ட் போனாலும் ஃப்ரீசர் ஓடும்," என்றது ஓரத்துப் பாய்.

டத்துக் மாமா காப்பி இலைத் தண்ணியைக் கீழே வைத்தார். அம்மாவின் அண்ணன் அவர், எங்கள் குலத்துக்கே தலைவர்.

"யாரு பேசினது? பூனையா?"

"நான்தான் மாமா. யாஸ்ரில்."

"மாப்பிள்ளை, அந்தக் கூரைய நிமிர்ந்து பாத்திருக்கியா? ரெண்டு பக்கமும் எருமைக் கொம்பு மாதிரி தூக்கிட்டு நிக்குது, நடுவுல தொட்டில் மாதிரி தொங்குது. அதுல நேர் பலகைய எப்படி ஒட்டுவ? சோத்துப் பசை போட்டா?"

"கால் வச்சு மாமா. ஒவ்வொரு காலும் ஒவ்வொரு உயரம். பத்தாம் தீவுல ஃபேக்டரிக் கூரையெல்லாம் அதான செஞ்சேன்."

"ஃபேக்டரில ஒழுகினா முதலாளி நனைவான். இங்க நாங்க நனைவோம். எங்க தாத்தா நார்க்கூரைய எடுத்துட்டுத் தகரம் போட்டாரு. அதுல எந்த மாப்பிள்ளையும் ஆணி அடிச்சதில்ல."

"ஒரு புது ஓட்டைகூடப் போடமாட்டேன் மாமா. பழைய ஆணி இருக்கற எடத்துல மட்டும் போல்ட். அதுவும் எங்க ரூமுக்கு மேல. ஒழுகினா எங்க தலையில ஒழுகட்டும்."

கடைசியாகக் கல்யாணமானவளுக்கு ஓரத்து அறை. எங்களுடையது கிழக்குக் கொம்புக்குக் கீழே இருந்தது. மாமா சிரித்துவிட்டார், ஆனால் அது இளகிய சிரிப்பு இல்லை.

"ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு விழட்டும், அத்தனையும் கீழ எறக்கணும்."

"எறக்கிடறேன்."

நான் அறைக்குள் வந்து யாஸ்ரிலைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா புருஷன் மாதிரி சும்மா இருக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"உங்க மாமா அவரு மாமியார் வீட்ல எப்படி இருப்பாரு, பாத்திருக்கியா? நான் பாத்தேன். கரண்டி விழுந்தாக்கூட எந்திரிச்சு நிக்கறாரு. அந்தக் கோவத்தையெல்லாம் இங்க வந்து எறக்கறாரு, பாவம்."

அவர் வேலை செய்யும்போது நான் கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். தகரத்தில் கண்ட இடத்தில் மிதிக்கமாட்டார். ஆணி வரிசையின் கீழே மரச்சட்டம் ஓடும், அதன்மேல்தான் கால் வைப்பார். குடைத்தலை ஆணியை நெம்பி எடுப்பார், அதே துளையில் நீளப் போல்ட்டைத் திருகி மரத்தில் இறக்குவார், தகரத்தின் மேட்டில் ரப்பர் வாஷர் படிய இறுக்குவார். மேட்டில்தான். பள்ளத்தில் தண்ணீர் ஓடும், அங்கே கைவைக்கமாட்டார். அதிகம் இறுக்கினால் ரப்பர் பிதுங்கி வெடிக்கும், குறைத்தால் மழை புகும். எதிரே காப்பிக் கடையிலிருந்து ஆள் மாற்றி ஆள் கத்துவார்கள்.

"யாஸ்ரில்! கொம்புல சட்டை காயப்போடப் போறியா?"

"உன் பொண்டாட்டி துவைச்சுக் குடுத்தா போடறேன்!"

பேனல்கள் ஏறின. கூரையின் வளைவுக்கு ஈடுகொடுத்து ஒரு பக்கம் முழ உயரக் கால், மறுபக்கம் விரல் உயரக் கால். அக்கா ஃப்ரீசரைத் திறந்து உள்ளே எரிந்த விளக்கைப் பார்த்துவிட்டு இறைச்சி வாங்கப் போனாள். அடுத்து வந்த மழைகளில் நான் எங்கள் கட்டிலில் படுத்துக்கொண்டு கூரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் தலையில் ஒரு சொட்டும் விழவில்லை.

விழுந்தது டத்துக் மாமாவின் தலையில்.

நபி பிறந்தநாள் விருந்து. நடுக்கூடத்தில் மாமாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெளியே காற்றோடு மழை. மாமா துவா முடித்துக் கையை முகத்தில் தடவி இறக்கவும், அவருடைய கறுப்புத் தொப்பியின் உச்சியில் டப் என்று ஒரு சத்தம். அவர் தொப்பியைக் கழற்றி ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். சோற்றுத் தட்டுகளைச் சுமந்து வந்த நான் அப்படியே நின்றேன்.

அக்கா கணவர், ஊமை என்று ஊரே நினைத்திருந்த மனிதர், முதல் தடவையாகக் குரல் கொடுத்தார். "பழைய தகரம்ல... எங்கயாவது துருப்பிடிச்சு..."

"இல்லண்ணே," என்று யாஸ்ரில் எழுந்தார். "அது என்னோட சொட்டு."

அவர் கண் கூரையின் உட்பக்கம் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே கிழக்குக் கொம்பு வரை போய்த் திரும்பியது. "இந்த வீட்ல எல்லாச் சட்டமும் நடுவப் பாத்துத்தான் சரியுது. எங்க ரூமுக்கு மேல நுழைஞ்ச தண்ணி சட்டத்துலயே நடந்து உங்ககிட்ட வந்திருக்கு மாமா. பத்தாம்ல எல்லாம் நேர்க்கூரை. இத நான் யோசிக்கல."

"யோசிக்காம எங்க தலையில ஏறின."

"ஆமா."

மழை விட்டதும் கூரையில் ஏறினார். இருட்டுவதற்குள் அத்தனை பேனலும் முற்றத்தில் சாய்ந்து நின்றன. பழைய ஆணிகளை அதே துளைகளில் திருப்பி அடித்துவிட்டு இறங்கினார். காப்பிக் கடையில் அன்று நல்ல வியாபாரம். அக்கா ஃப்ரீசரிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து அன்றே சமைக்கத் தொடங்கினாள், திட்டவில்லை. அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

யாஸ்ரில் உள்ளிருந்து ஏணி போட்டு ஒவ்வொரு துளையாகத் தட்டிப் பார்த்தார். ஒரே ஒரு இடத்தில் மரம் உள்ளுக்குள் பிளந்திருந்தது. போல்ட் மரத்தைக் கவ்வாமல் சுற்றியிருக்கிறது, வாஷர் படியவே இல்லை. "திருகும்போதே கை லூசா இருந்துச்சு. போதும்னு விட்டுட்டேன்," என்றார். அடியில் இரும்புத் தகடு கொடுத்து ஊடுருவப் போல்ட் போட்டால் சரியாகிவிடும் என்றும் சொன்னார். ஆனால் ஏற மறுத்தார். வாக்குக் கொடுத்துவிட்டாராம்.

அடுத்த கூட்டத்தில் மாமா திருப்தியாக இருந்தார். "மாப்பிள்ளை சொன்ன சொல் காப்பாத்திட்டான். அதோட முடிஞ்சுது."

நான் பெண்கள் பக்கத்திலிருந்து முன்னால் வந்தேன். எனக்குக் கூட்டத்தில் பேசி வழக்கமில்லை.

"அவர் சொன்னது முடிஞ்சுது மாமா. இப்ப நான் சொல்றேன். பேனல் ஏறணும்."

"நீயா?"

"இந்த வீடு யாரோடது மாமா?"

எல்லாரும் மெல்லுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். மாமா என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். அம்மா வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னாள், "அவ புருஷனுக்கு வாயில்லன்னு சொல்லலாம்ணே. அவளுக்கு எப்படிச் சொல்றது?"

"படிக்க வச்சது தப்பாப்போச்சு," என்றார் மாமா. பிறகு தொடையைத் தட்டினார். "சரி, ஏத்து. ஆனா மழை வர்ற வரைக்கும் நான் காத்திருக்கமாட்டேன். தண்ணி ஊத்துங்க. அதே எடத்துல நான் உக்காருவேன்."

உட்கார்ந்தார். பிளந்த இடத்தில் தகடு கொடுத்துப் பேனல்களை ஏற்றிய பிறகு, அதே பாய், அதே தொப்பி. யாஸ்ரில் கூரை உச்சியில் நின்றார், அக்கா கணவர் ஏணியின் பாதியில் நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கொடுத்தார். அவ்வளவு சுறுசுறுப்பாக அவரை நாங்கள் பார்த்ததே இல்லை. தகரத்தில் தண்ணீர் அறைகிற சத்தத்தில் கூடம் அதிர்ந்தது.

"குடை தரவா மாமா?" என்றாள் அக்கா.

"போடி அந்தப் பக்கம்."

ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். மாமா அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "இன்னும் ஊத்து," என்றார்.

மேலிருந்து யாஸ்ரில் கத்தினார். "தொட்டி காலியாயிருச்சு மாமா! அடுத்து உங்க மாமியார் வீட்டுக் கெணத்துல எறைக்கவா?"

ஊரே சிரித்தது. மாமா தொப்பியைக் கழற்றி உள்ளும் புறமும் தடவிப் பார்த்தார், தலையில் வைத்துக்கொண்டார், சாப்பாடு என்னாயிற்று என்று கேட்டார்.

அதன்பிறகு எங்கள் பாயகும்பு வட்டாரத்தில் ஏறக் கஷ்டமான கூரை என்றால் யாஸ்ரிலைத்தான் கூப்பிட்டார்கள். எந்த வீட்டிலும் முதலில் அந்தச் சொட்டின் கதையைத்தான் சொல்வார். "நான் ஒழுக வச்சவன். யோசிச்சுக்கங்க," என்பார். உள்ளிருந்து மரத்தைத் தட்டிப் பார்க்காமல் ஒரு ஆணியும் பிடுங்கமாட்டார். மரம் சரியில்லை என்றால் சரக்கு வந்து இறங்கியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அதற்காக அவரை ஏசியவர்கள் நிறைய.

இந்தக் கோடையில், சந்தைக்குப் போகிற வழியில், அவருடைய இதயம் நின்றுவிட்டது. அவர் பிறந்த பாரியாமானிலிருந்து அவருடைய அக்கா தங்கைகள் வந்து அவரைத் தங்கள் மண்ணுக்கு எடுத்துப்போனார்கள். அதுதான் வழக்கம், நான் தடுக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து டத்துக் மாமா வந்தார். இறைச்சிப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்த என் பக்கத்தில், மாப்பிள்ளைகளின் பாயில், வந்து உட்கார்ந்தார்.

"பேனல எறக்கிரலாம்மா. வெயில்ல ரப்பர் காஞ்சு வெடிக்கும். பாக்க ஆள் இல்லாம மேல வச்சிருக்கக் கூடாது. கோவத்துல சொல்லல."

"தெரியும் மாமா. எறக்க வேணாம்."

"ரப்பர் மாத்த யாரு ஏறுவா?"

"நான்."

"ஊர் என்ன சொல்லும்?"

"வீடு பொம்பளையோடதுன்னு சொல்ற ஊர்தானே மாமா? கூரை மட்டும் யாரோடது?"

மழைக்கு முன்னால் ஏறினேன். அக்கா கணவர் ஏணியைப் பிடித்தார். ஆணி வரிசை மேல் கால் வைத்து நடந்தேன். காப்பிக் கடையிலிருந்து எவனோ என்னவோ கத்தினான். யாஸ்ரிலாக இருந்தால் அவனுக்குத் தக்க பதில் கிடைத்திருக்கும். எனக்கு அந்த வாய் கிடையாது, அதனால் அவன் ஓய்கிற வரை அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெடித்த வாஷர்களை மாற்றினேன். பேனல்களுக்கு அடியில் சேர்ந்து தண்ணீரை மறித்திருந்த இலைகளை வாரித் தள்ளினேன்.

முற்றத்தில் மாமா வந்து நின்றது அப்போதுதான் தெரிந்தது. இறங்கு என்பார் என்று நினைத்தேன்.

"அந்தத் தகடு வச்ச போல்ட்டையும் பாரு!" என்று கத்தினார்.

பார்த்தேன். ஸ்பேனரை வைத்துத் திருப்பினேன், அசையவில்லை. யாஸ்ரில் இறுக்கியது.

"அப்படியே இருக்கு மாமா," என்றேன். "எறக்க ஒண்ணுமில்ல."