கசப்புக் காப்பி குடித்த பின் சொல்லக் கூடாதது

கெய்ரோவின் பாலைவன ஓரத்தில் மதில் எழுப்பிக் கட்டிய வில்லாக்களில் யாரைப் பார்த்தாலும் இன்ஷிராஹ் டீச்சருக்கு இளக்காரம்தான். அரபுக்கார அப்பன் அம்மாவுக்கு எகிப்திலேயே பிறந்து, அரபு பேச வராத பிள்ளைகளுக்கு வீடு வீடாகப் போய் அரபு சொல்லித் தருவது அவள் பிழைப்பு. ஒற்றைக் கோடாக இழுக்க வேண்டிய முதல் எழுத்து அலிஃபுக்கே "கை வலிக்குது மிஸ்" என்று சிணுங்குவான் ஒருத்தன். இன்னொருத்தி டீச்சரின் தலைத்துணியில் பூனை ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிவிட்டாள். மைக்ரோபஸ்ஸில் எல்லோரும் சிரித்த பிறகுதான் டீச்சருக்கு விஷயம் தெரிந்தது. இதுகளை வளர்க்கிறார்களா, அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார்களா?

இந்தக் கூட்டத்தில் ஏழு வயது கென்ஸியும் ஒருத்தி. அவள் அம்மா ஷாஹினாஸ் மேடம் பிரெஞ்சுக் கன்னியர் பள்ளியில் படித்தவள். சமையல்காரியை ஏவவும் விருந்தாளிகளிடம் குழையவும் மட்டுமே அவளுக்கு அரபு தேவைப்பட்டது.

பாடப்புத்தகம் அந்தப் பிள்ளையின் தலையில் ஏறவில்லை. டீச்சர் அதை மூடி வைத்துவிட்டு, ஊரில் மனுஷர்கள் பேசிக்கொள்வதைக் கற்றுக்கொடுத்தாள். குளித்து வந்தவரிடம் "சுகமா இருங்க" என்று சொல்ல வேண்டும். அவர் "அல்லாஹ் உங்களையும் சுகமா வைக்கட்டும்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். மறுவாரம் கென்ஸி குளிப்பாட்டிய நாயின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"மிஸ், நான் சொல்லிட்டேன். இது பதிலே சொல்ல மாட்டேங்குது. மரியாதையே இல்ல."

"உங்க வீட்டுல யாருக்குடி இருக்கு?" என்று சிடுசிடுத்த டீச்சர், சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் தூரத்து ஊரான மன்சூராவில் கென்ஸியின் அத்தை ஹுஸ்னிய்யாவின் கணவர் இறந்துபோனார். போன பெருநாளில் அந்த வீட்டுப் பெண்கள் கென்ஸியின் பேச்சைக் கேட்டு, "இந்த இங்கிலீஷ்காரி யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேலி பண்ணியது மேடத்துக்கு இன்னும் ஆறவில்லை.

"மிஸ், அத்தைகிட்ட இவ துக்கம் விசாரிக்கிற ஒரே ஒரு வாக்கியம் ஒழுங்கா சொல்லணும். சொல்லலேன்னா அடுத்த வாரத்துலேந்து நீங்க வர வேணாம்."

ஒரு வில்லாக்காரி நிறுத்தினால் மற்றவர்களும் ஆட்டு மந்தையாக நிறுத்திவிடுவார்கள். டீச்சர் உடனே கென்ஸியைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"'அவரோட மிச்ச ஆயுசு உங்க ஆயுசோட சேரட்டும்.' எங்க, சொல்லு," என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். "இன்னொண்ணு. காப்பி குடிச்சு முடிச்சதும் 'எப்பவும் இப்படியே இருக்கட்டும்'னு வாழ்த்துவோம்ல, அத துக்க வீட்டுல வாயத் தொறந்து சொல்லிடாத. அந்தத் துக்கமே எப்பவும் இருக்கட்டும்னு ஆயிடும்." கென்ஸியின் கண்கள் விரிந்தன. பக்கத்தில் மேடம் போனில் கறுப்பு உடைகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளை மறந்தால் காதில் எடுத்துக் கொடுக்க டீச்சரையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மன்சூரா வீட்டுக் கூடம் முழுக்கக் கறுப்புடைப் பெண்கள். துக்க வீட்டு வழக்கப்படி சர்க்கரை போடாத காப்பி வந்தது. கென்ஸி அத்தையின் முன்னால் நின்றாள். வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. டீச்சர் பின்னாலிருந்து கிசுகிசுத்தாள். ஊஹூம்.

மானம் போகிறதே என்று பதறிய மேடம் காப்பியை ஒரே மடக்கில் குடித்தாள். கோப்பையை வைத்துவிட்டு, விருந்துகளில் சிரிக்கும் அதே சிரிப்போடு சொன்னாள்: "எப்பவும் இப்படியே இருக்கட்டும், ஹுஸ்னிய்யா!"

கூடத்தில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

கென்ஸி ஓடிப்போய் அத்தையின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அரபிலேயே கத்தினாள். "இல்ல அத்தை, எப்பவும் வேணாம்! இன்னிக்கு மட்டும் போதும்!"

அடக்கம் முடிந்ததிலிருந்து கல்லாக உட்கார்ந்திருந்த ஹுஸ்னிய்யாவின் முகம் கோணியது. பிள்ளையை வாரி மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். அழுகையின் நடுவே சிரிப்பும் வந்தது. "யாரு வீட்டுப் பொண்ணுடி நீ?" என்று அவள் கேட்க, போன பெருநாளில் கேலி பண்ணியவர்களில் ஒருத்தியே, "நம்ம வீட்டுப் பொண்ணுதான்" என்றாள். டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்தப் பணக்கார வீட்டுப் பிள்ளைக்காகவா என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

திரும்பும்போது கென்ஸி டீச்சரின் மடியில் தலை வைத்துத் தூங்கினாள். பாதி வழி வரை மேடம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"நான் சொல்லச் சொன்ன வாக்கியத்த அவ சொல்லல, மிஸ்."

"சொல்லல, மேடம்." போச்சு, அவ்வளவுதான் என்று நினைத்தாள் டீச்சர்.

மேடம் டிரைவரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "சனிக்கிழமை வாங்க. நானும் அவகூட உக்காந்துக்கறேன். வெளிய யாருக்கும் தெரிய வேணாம்."

டீச்சர் கென்ஸியின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"உங்களுக்குத் தனியாத்தான் எடுக்கணும், மேடம். இவளோட சேத்து உக்கார வைக்க முடியாது. இவ ரொம்ப முன்னாடி போயிட்டா."