வாலைக் கடித்த டாமிர்

மராப்பி மலையடியில் டாமிரைத் தெரியாத மாடு கிடையாது. அறுவடை முடிந்து தண்ணீர் கட்டிய வயலில் பந்தயம் நடக்கும்போது, இரண்டு காளைகளுக்கு நடுவே கலப்பை மாதிரி ஒரு கட்டையில் வெறுங்காலோடு நின்று, இரண்டு வாலையும் பிடித்துக்கொண்டு பறப்பான். வேகம் போதாவிட்டால் வாலைக் கடிப்பான். மற்ற ஓட்டிகளும் கடிப்பார்கள்தான். ஆனால் இவன் கடித்தால் காளைக்கு இறக்கை முளைத்துவிடும்!

வயலில் இப்படிப்பட்ட புலி, வீட்டில் பூனை. வீடும் நிலமும் பெண்கள் பேரில் இருக்கிற சீமை அது. மனைவி வீட்டோடு வந்த மாப்பிள்ளையை, வெட்டிய மரத்தின் அடிக்கட்டைமேல் சாம்பல் என்பார்கள், ஊதினால் போச்சு. டாமிரோ ஊதாமலே ஒதுங்கிக்கொள்கிற சாம்பல். கல்யாணமான நாளிலிருந்து, தனக்கு இன்னது வேண்டும் என்று வாய் திறந்ததில்லை.

கூரை ஒழுகுகிறது, பந்தயம் முடிந்ததும் கும்பாங்கை விற்றுவிடலாம் என்று மனைவி யுஸ்னியும் அவள் அண்ணன் பக்தியாரும் முடிவு செய்தபோதும் தலையைத்தான் ஆட்டினான். கும்பாங், கன்றிலிருந்தே அவன் கையால் புல் தின்று வளர்ந்த கறுப்புக் காளை. அதைப் பிரிவதை நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனாலும் ஒரு திட்டம் போட்டான். அந்தப் பந்தயத்தில் பரிசு கிரிசு எதுவும் கிடையாது. நேராக ஓடுகிற காளைக்கு நல்ல விலை, அவ்வளவுதான். கோணலாக ஓட்டி வரப்பில் முட்டிவிட்டால் எந்த வியாபாரி சீந்துவான்?

பந்தய நாளன்று கட்டையில் ஏறியதும் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தான். காளைகளும் சாய்ந்தன. அருமை! அந்த நேரம் பார்த்துக் கரையிலிருந்து ஒருவன் கத்தினான்.

"என்னடா டாமிரு, பல்லு கொட்டிப் போச்சா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. திட்டமாவது மண்ணாவது! கும்பாங்கின் வாலைக் கவ்வி வைத்தான் ஒரு கடி. சேறு ஆள் உயரத்துக்கு எழும்ப, நூல் பிடித்தாற்போல் பறந்தன காளைகள். டாமிர் தன்னை மறந்து கூவினான். வயல் முடிந்து சேற்றில் குப்புற விழுந்த பிறகுதான், தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது உறைத்தது.

எழுந்து பார்த்தால், வியாபாரி அதற்குள் வந்தாயிற்று. கைகள்மேல் ஒரு லுங்கியை மறைப்பாகப் போட்டு, அதனடியில் பக்தியாரின் விரல்களைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தான். விலையை வாய்விட்டுச் சொல்வது அங்கே மரியாதை இல்லை. பக்தியாரின் முகமோ பூரித்துக்கொண்டே போனது.

டாமிர் ஓடினான். சேறு சொட்டச் சொட்டத் தன் கையையும் லுங்கிக்கடியில் நுழைத்தான்.

வியாபாரி துள்ளினான். "ஐயய்யோ, இதென்ன கொழகொழன்னு மூணாவது கை!"

"விக்க மாட்டேன்!" என்று கத்தினான் டாமிர்.

"மாப்ள, கிறுக்குப் புடிச்சிருச்சா உங்களுக்கு?" என்றார் பக்தியார்.

"கூலிக்குப் போயாவது கூரைய நான் மேஞ்சு தர்றேன். கும்பாங் போச்சுன்னா நானும் அது பின்னாலயே போயிருவேன்!"

யுஸ்னி கூட்டத்தில் முண்டியடித்து வந்தாள். முக்காட்டு நுனியால் அவன் முகத்துச் சேற்றைத் துடைத்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"இத்தன வருசத்துல ஒண்ணு வேணும்னு இப்பத்தான் கேக்குறீங்க. இதச் சொல்ல வாய் வராமத்தான் வாலப் போயிக் கடிச்சீங்களாக்கும்!"

பிறகு பக்தியாரிடம் திரும்பினாள்.

"அண்ணே, கைய வெளிய எடு. என் வீட்டுக்காரர் பேசிட்டாரு."